வளரிளம் பிள்ளையை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவது எப்படி? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு 16 வயதில் மனச்சோர்வும் பதற்றமும் வந்தன. செல்லம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்; அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். நான் மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அவனுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்த நாளிலிருந்து ஒழுங்கான வைத்தியம் தொடங்கிய நாள்வரை ஏழு மாதம் ஓடிவிட்டது. அதில் பாதிக்கு மேல் வீண். எந்த இடம், எந்த நாள், யார் கையெழுத்து என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. அவனிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரவும் ஆளில்லை. உங்கள் வீட்டில் 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இப்படித் தவித்துக்கொண்டிருந்தால், எங்களுக்கு ஆன தாமதம் உங்களுக்கு ஆக வேண்டாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எப்படியாவது கூட்டிப் போய்விடலாம். கெஞ்சியோ மிரட்டியோ போய்விடலாம். மூன்றாவது தடவை பிள்ளை தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த மூன்றாவது தடவையை மனதில் வைத்து எழுதியது.

1. பத்து நாள் கவனித்து எழுதி வையுங்கள்

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போதிருந்து இப்படி?" என்பது. எங்கள் வீட்டில் அம்மா ஒரு மாதம் என்றார், அப்பா அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்றார், தம்பி எதுவுமே சொல்லவில்லை. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், சாப்பிட்டானா, பள்ளிக்கூடம் போனானா, கூட்டாளிகளிடம் பேசினானா, எதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். இது போதும். இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பும் தூக்கமும் கெட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்த வயதில் சோகம் என்பது அழுகையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. கோபமாக வரும். தலைவலியாக, வயிற்றுவலியாக வரும். தம்பிக்குப் பள்ளிக்கூட பஸ் வரும் நேரத்தில் மட்டும் வயிறு வலிக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று 4,200 ரூபாய் செலவழித்து, எல்லாம் நார்மல் என்று சீட்டு வந்ததும், "நடிக்கிறான்" என்று வீட்டில் முடிவு கட்டினோம். அவனுக்கு வலித்தது உண்மை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவன் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. ஸ்கேன் நார்மலாக வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் தேவைப்படும். "நடிக்கிறாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2. உயிருக்கு ஆபத்து என்றால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம்

சாவைப் பற்றிப் பேசுகிறான், எழுதுகிறான், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான், ஆசையாய் வைத்திருந்த பொருளை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்கிறான் என்றால் அன்றே கிளம்புங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். 108க்குக் கூப்பிடலாம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

"செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விவசாயக் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மல்லிகைக்கு அடிக்கிற பூச்சிமருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழேதான் கிடக்கும். டாக்டர் முதல் நாளே கேட்டது அதைத்தான். அன்று சாயங்காலமே அப்பா அத்தனை டப்பாவையும் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு மாற்றிப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே இருக்கிறது. வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி மாத்திரைகளையும் பூட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு பூட்டு மட்டும்.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அப்படிப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் காப்பாற்ற முடியும்.

3. உண்மையைச் சொல்லிக் கூப்பிடுங்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். "கண் டெஸ்ட் எடுக்கப் போறோம்" என்று சொல்லித் தம்பியைக் கூட்டிப் போனோம். வாசலில் பெயர்ப்பலகையைப் படித்தான். ஒன்றும் பேசவில்லை. திரும்பி நடந்து, பஸ் ஏறி, தனியாக ஊருக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்த டாக்டர் பேச்சுக்கும் அவன் காது கொடுக்கவில்லை. பல்வலிக்குக்கூட எங்களோடு வர மறுத்தான்.

என்ன சொல்வது? நான் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "நீ ராத்திரி தூங்காம இருக்கறத பார்க்கறேன். வயிறு வலிக்கறதும் நிஜம்தான். மனசுக்குப் பார்க்கிற டாக்டர்ட்ட போலாம். ஒரு தடவை பேசிப்பாரு. பிடிக்கலைன்னா வேற டாக்டர் பார்ப்போம்." இதைச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். வண்டியில் போகும்போது சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

"மென்டல்", "கிறுக்கு" போன்ற சொற்களை விளையாட்டுக்குக்கூட வீட்டில் பேச வேண்டாம். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்ற கேள்வியும் வேண்டாம். அதற்கு அவனிடம் பதில் இல்லை. குற்ற உணர்ச்சிதான் கூடும்.

அவன் முடிவெடுக்கச் சில விஷயங்களை விடுங்கள். எந்தக் கிழமை, கூட யார் வர வேண்டும், ஆண் டாக்டரா பெண் டாக்டரா, பஸ்ஸா வண்டியா. தம்பி, "அக்கா மட்டும் வந்தா வர்றேன்" என்றான். பெண் பிள்ளைகள் பலர் பெண் டாக்டரிடம்தான் பேசுவார்கள். அதைக் கேட்டுச் செய்யுங்கள்.

அவன் மனதில் இருக்கும் பயத்தையும் கேளுங்கள். "அட்மிட் பண்ணிடுவாங்க, கட்டிப் போடுவாங்க, ஷாக் வைப்பாங்க" என்றுதான் தம்பி நினைத்திருந்தான். சினிமாவில் பார்த்தது. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிநோயாளியாகவே வைத்தியம் நடக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் தனித்தனியே பார்த்து அவசியம் என்று சொல்ல வேண்டும்; பெரியவர்களிடமிருந்து தனி இடம் தர வேண்டும்; வீட்டு ஆள் ஒருவர் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். மின்அதிர்வு சிகிச்சையை, பெற்றோர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் இல்லாமல் சிறாருக்குக் கொடுக்கவே முடியாது. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. இதை அவனிடம் சொன்னபோது, "நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டான்.

அப்படியும் வரமறுத்தால் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தம்பி முதன்முதலில் வாய்திறந்து பேசியது இந்த எண்ணில்தான், மொட்டை மாடியில் உட்கார்ந்து, என் போனில். அரை மணி நேரம் பேசினான். நான் கீழேயே இருந்துகொண்டேன். போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிட வேண்டும், பக்கத்தில் நின்றால் பேசமாட்டார்கள். ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம்: 14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். மனநலத்துக்கு 14416.

4. வீட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்

எங்கள் அப்பத்தா, "பயலுக்குக் காத்து கருப்பு அண்டிருச்சு" என்று கோடாங்கியிடம் கூட்டிப் போனார். பிறகு பாண்டி கோயில். நான் முதலில் கத்திச் சண்டை போட்டேன். வீடு இரண்டுபட்டது, நடுவில் நின்றவன் தம்பி. இரண்டாவது முறை வேறு மாதிரி சொன்னேன்: "கோயிலுக்கும் போவோம் அப்பத்தா, டாக்டர்ட்டயும் போவோம். மாத்திரைய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க." அவர் சம்மதித்தார். இப்போது ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்துவதே அவர்தான்.

ஆனால் அடிப்பது, சூடு போடுவது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று எங்கே சொன்னாலும் அந்த இடத்திலிருந்து உடனே பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் 1098க்குச் சொல்லலாம்.

அப்பாக்கள் மறுப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். வேலை கெடும், ஊரில் தெரிந்துவிடும், நாளைக்கு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சு வரும். கடைசிக் காரணம் நான்தான் என்று தெரிந்தபோது, "என் கல்யாணத்த நான் பார்த்துக்கறேன், இவனைப் பாருங்கப்பா" என்று நானே சொன்னேன். காரணம் என்ன என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. எங்கே போவது

பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை கோரிப்பாளையம் அருகே, பனகல் சாலையில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. டாக்டர், மாத்திரை எதற்கும் காசு இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி, கோரிப்பாளையம் போகும் டவுன் பஸ் பிடிக்கலாம்.

அவ்வளவு தூரம் வர முடியாதென்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட கிழமைகளில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறது. உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் "மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்?" என்று கேளுங்கள். முதல் நாளே போன் செய்து உறுதிப்படுத்திவிட்டுப் போங்கள். உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பிள்ளை கூசினால் மதுரைக்கே வந்துவிடுவது நல்லது. தம்பி அதைத்தான் தேர்ந்தெடுத்தான்.

தனியார் மனநல மருத்துவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் சாயங்காலமும் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் கெடாது. எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போல மனநலத்துக்கென்றே மதுரையில் பல ஆண்டுகளாக இயங்கும் தொண்டு நிறுவனமும் இருக்கிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுதமாட்டார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. நம்பர் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். "கவுன்சிலர்" என்ற பலகையை மட்டும் பார்த்து உள்ளே போகாதீர்கள். நாங்கள் போனோம். பத்து அமர்வுக்கு 8,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். இரண்டாவது அமர்வில், தம்பி தனியாகச் சொன்னதையெல்லாம் அவனை உட்காரவைத்துக்கொண்டே அம்மாவிடம் ஒப்பித்தார் அந்த நபர். தம்பி அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை, பணமும் திரும்பவில்லை. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் அன்றன்றே கொடுங்கள்.

6. யார் வர வேண்டும், என்ன எடுத்து வர வேண்டும்

அம்மா அல்லது அப்பா ஒருவர் முதல் தடவை கட்டாயம் வர வேண்டும். தம்பி கேட்டபடி நான் மட்டும் கூட்டிப் போனேன். "பெற்றோர் இல்லாமல் சிகிச்சை தொடங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அது சரிதான். 18 வயதுக்குட்பட்டவருக்குச் சட்டப்படி பாதுகாவலர்தான் சம்மதம் சொல்ல வேண்டும். எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை, ஒரு நாள் போச்சு. அடுத்த தடவை அப்பா வந்தார். ஆனால் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார், உள்ளே நான் போனேன். இப்படிப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றை வையுங்கள்: பிள்ளை, பெற்றோர் இருவரின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பழைய மருந்துச் சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர், கடைசி இரண்டு தேர்வு மதிப்பெண்கள், நீங்கள் எழுதிய அந்தப் பத்து நாள் நோட்டு. குடும்பத்தில் யாருக்காவது முன்பு மனநோய், வலிப்பு, தற்கொலை முயற்சி இருந்திருந்தால் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நேரடியாகக் கொடுங்கள். பிள்ளை முன்னால் சித்தப்பா கதையை விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஓபி சீட்டுதான் அடுத்த தடவைக்கும் ஆதாரம். தொலைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பிள்ளைக்கு அது பெரிய கொடுமை. வாங்கியவுடன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

7. நாளும் நேரமும்

அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள், ஞாயிறு கிடையாது. எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிட வேண்டும். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், வேறு கிழமை பாருங்கள். முதல் நாளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காத்திருப்பதுதான் பிள்ளைகளை ஓடவைக்கிறது. தம்பியை வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன், முறை வரும்போது போன் செய்தேன். ஹெட்போன், தண்ணீர், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. பூவை விடியும் முன்னே பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சேர்க்க வேண்டும். அப்பா ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு நாளை ஒதுக்கினால் பூ போய்விடும். அதனால் சந்தையில் பூவைப் போட்டுவிட்டு நேரே கோரிப்பாளையம் வந்துவிடுவார், நாங்கள் ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொள்வோம். முகூர்த்த நாளில் பூவிலை ஏறும், அன்று அவர் வரமாட்டார். எனவே அடுத்த தேதி கொடுக்கும்போதே காலண்டரைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத நாளாகக் கேட்டு வாங்குவோம். உங்கள் வீட்டுப் பிழைப்பு எதுவோ அதற்குத் தகுந்தபடி நாளைப் பொருத்துங்கள். பிழைப்போடு மோதுகிற வைத்தியம் மூன்று மாதத்தில் நின்றுவிடும்.

சித்திரைத் திருவிழாவை மறந்துவிடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி கோரிப்பாளையம் பக்கம் பஸ் நுழையவே முடியாது. மாத்திரை அந்த வாரத்தில் தீர்வதுபோல் இருந்தால் முந்தின வாரமே வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கும் இதேதான்.

8. டாக்டர் அறையில் பிள்ளைக்குத் தனி நேரம்

பிள்ளை தொடர்ந்து வருவதும் வராததும் இந்த அறையில்தான் முடிவாகிறது. உள்ளே போனதும் அம்மா அப்பா பேச ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எங்களுக்கு வாய்த்த டாக்டர் அம்மா, முதலில் எல்லோரிடமும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பிள்ளை சொன்னது ரகசியமாகவே இருக்கும் என்று டாக்டர் வாயாலேயே அவன் முன் சொல்லச் சொல்லுங்கள். எது ரகசியமாக இருக்காது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் பெற்றோருக்குத் தெரிவிப்பார்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் தொல்லை நடந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். இந்த எல்லை முதலிலேயே தெரிந்தால் பிள்ளை அதற்கேற்ப யோசித்துப் பேசும். பின்னால் தெரிந்தால் துரோகமாகப் படும்.

வெளியே வந்ததும் "என்ன சொன்ன? எங்களப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கு இது மிகவும் கஷ்டமாக இருந்தது. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். வாரக்கணக்கில் அதை மட்டுமே கேட்டார். ஆறாவது தடவை பஸ்ஸில் வரும்போது அவனாகவே அம்மாவிடம் கொஞ்சம் சொன்னான்.

முதல் டாக்டரைப் பிடிக்காமல் போகலாம். இரண்டு மூன்று தடவை பார்த்தும் ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஃபைல் கையில் இருப்பதால் புதியவரிடம் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை.

9. மாத்திரை விஷயத்தில் மறைக்க எதுவும் வேண்டாம்

எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. பலருக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். தேவைப்பட்டால், பாலில் கலந்து, சட்னியில் கலந்து கொடுக்காதீர்கள். ஒரு நாள் கண்டுபிடித்தால் வீட்டுச் சாப்பாட்டையே நம்பமாட்டார்கள்.

டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள், பிள்ளையையே கேட்கவிட்டால் இன்னும் நல்லது: எதற்காக இது? எத்தனை நாளில் தெரியும்? என்ன தொந்தரவு வரலாம்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொந்தரவுகளோ முதல் வாரமே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, தூக்கக் கலக்கம். பலன் தெரியும் முன்னே தொந்தரவு தெரிவதால்தான் பத்தாவது நாளில் பல வீட்டில் மாத்திரை நின்றுபோகிறது. முன்கூட்டியே தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்கள் கூர்ந்து பாருங்கள். இளம் வயதில் சிலருக்கு இந்த மாத்திரைகள் தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் தவிப்பு கூடலாம், தற்கொலை எண்ணம் வரலாம். அப்படித் தோன்றினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

"நல்லாயிட்டான், இனி எதுக்கு?" என்று நிறுத்துவது இன்னொரு குழி. நாங்களும் விழுந்தோம். இரண்டாவது மாதம் சிரித்தான், சாப்பிட்டான், அப்பா நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடி வயிற்றுவலி. குணம் தெரிந்த பிறகும் பெரும்பாலும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதையும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மாத்திரை அட்டைகள் பெரியவர் கையில் இருக்கட்டும், அன்றைய மாத்திரையை மட்டும் கொடுங்கள். தூக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்.

10. செலவு

அரசு மருத்துவமனையில் எங்களுக்கு ஆனது பயணமும் சாப்பாடும்தான். இரண்டு பேர் போய்வர 300 ரூபாய்க்குள் முடியும். பெண்களுக்கு அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நடுவில் தனியாரிடம் பார்த்தபோது டாக்டருக்கு 500, பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஒரு தடவை 1,000 ரூபாய் கொடுத்தோம். ஒரு தடவை என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இதை வாரம் ஒன்று வீதம் மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கட்ட முடியாமல் ஐந்தாவது வாரம் நிறுத்துவது பிள்ளைக்கு வேறுமாதிரி புரியும். மாத்திரையை வெளியில் வாங்குவதென்றால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை குறைவு. சீட்டோடு கேட்டுப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தில் இருக்கிறது.

பணம் கட்டுவதைப் பிள்ளை காதுபடப் பேசாதீர்கள். "உனக்காக எவ்வளவு செலவு" என்று ஒரு முறை அம்மா சொல்லிவிட்டார். அடுத்த தேதியில், "எனக்குச் சரியாயிடுச்சு, போக வேண்டாம்" என்றான். சரியாகவில்லை.

11. பள்ளிக்கூடத்தில் யாரிடம் சொல்வது

பிள்ளையைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். தம்பி ஒரே ஒரு ஆசிரியையைச் சொன்னான். அவரிடம் மட்டும் சொன்னோம். வகுப்பிலிருந்து நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போக அனுமதி, ஆஸ்பத்திரி நாளில் வருகைப்பதிவு, இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டார். விடுப்புக்குச் சான்று வேண்டுமென்றால், நோயின் பெயர் போடாமல் "மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார்" என்று எழுதித் தரக் கேட்கலாம். எங்களுக்குத் தந்தார்கள். கற்றல் குறைபாடு என்று டாக்டர் சொன்னால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஆள் போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது கேட்டால் கிடைக்காது, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தொடங்குங்கள்.

12. "இனி வரமாட்டேன்" என்றால்

சொல்வார்கள். காரணத்தைக் கேளுங்கள், வாதாடாதீர்கள். தம்பி சொன்ன காரணம் எங்கள் யாருக்கும் தோன்றாதது. செவ்வாய்க்கிழமை அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம், ஆஸ்பத்திரியும் செவ்வாய்க்கிழமை. வாரம் முழுக்க அவனுக்குப் பிடித்த ஒரே மணி நேரத்தை நாங்கள் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வியாழனுக்கு மாற்றினோம். வந்தான்.

ஒரு தடவை தவறினால் கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் போகலாம், யாரும் திட்டமாட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: "நாளைக்கு 6.15 பஸ்." அதற்கு மேல் அறிவுரை வேண்டாம்.

13. 18 வயது ஆகும்போது

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். 18 முடிந்தால் சம்மதம் பிள்ளையுடையது. தன் சார்பில் பேச யாரை நியமிப்பது என்பதையும் அவனே எழுதிக் கொடுக்கலாம். அதுவரை அம்மா அப்பா போய் மாத்திரை வாங்கி வந்த பழக்கம் இருந்தால், அதற்கு முன்பே அவனைத் தனியாகப் போய்வரப் பழக்குங்கள்: சீட்டு எங்கே காட்டுவது, எந்த ஜன்னலில் மாத்திரை வாங்குவது, அடுத்த தேதியை எப்படிக் கேட்பது.

தம்பிக்குப் போன மாதம் 18 முடிந்தது. ஃபைலை அவனிடம் கொடுத்துவிட்டேன். தன் சார்பில் பேச யார் பெயரை எழுதிக் கொடுக்கப் போகிறான் என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரும் வியாழன் அவனுக்குத் தேதி. 6.15 பஸ்.